ஏரிப் பச்சைக்கும் காவிரிச் செந்நீருக்கும் லூர் பெயிண்ட் கலப்பது

வெள்ளைத் தட்டில் கலந்து பார்த்து "நல்லா வந்திருக்கு" என்று தோன்றும் நிறம், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் இரண்டு ஆள் ஆழத்தில் வேறொரு நிறம். கன்னங்குறிச்சிப் பக்கத்து ஏரியில் அதே லூரை (மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் செயற்கை இரை) இரண்டடி இறக்கினாலே வேறு. ஆகவே வீட்டில் லூர் செய்கிறவர் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது எந்தத் தண்ணீர், எந்த மாதம் என்பதை. மீதியெல்லாம் சொட்டுக் கணக்கு.

தெளிந்த தண்ணீரில் முதலில் காணாமல் போவது சிவப்பு. 5 மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைத் தண்ணீரே விழுங்கிவிடும். அந்த ஆழத்தில் சிவப்பு லூர் ஏறக்குறைய கறுப்பு லூர்தான். ஆனால் சேலம் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு தெளிந்த தண்ணீர் அபூர்வம். ஏரிகளில் பாசி. பாசி நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையையும் மஞ்சளையும் விட்டுவைக்கும். அங்கே மஞ்சள் கலந்த வெளிர்ப்பச்சை எடுபடும். நீல முதுகு வெறும் இருட்டாகத் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் திறந்துவிட்டு ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்குப் புதுத்தண்ணீர் வரும்போது கதை மறுபடி மாறும். செம்மண் கரைந்த நீரில் ஊதாவும் நீலமும் முதலில் போய்விடும்; மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்; மொத்த வெளிச்சமும் குறைவு. தெளிந்த நீரில் உதவாத ஆரஞ்சு வயிறு இங்கே வேலை செய்வது அதனால்தான்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் கனமான நட் ஒன்றைக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் இறக்குங்கள். மூடி கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தாலிய வானியலாளர் செக்கி 1865-ல் கடலில் செய்து பார்த்த சோதனைதான் இது. ஏரி ஆய்வில் இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. அரை மீட்டரில் மறைந்தால் நிறத்தின் நுணுக்கமெல்லாம் வீண், வெளிச்சம்-இருட்டு வேறுபாடு மட்டும் போதும். ஒன்றரை மீட்டர் தாண்டியும் தெரிந்தால் இயல்பான மீன் நிறத்துக்கு மெனக்கெடலாம். கூடவே, கலந்து வைத்திருக்கும் நிறங்களை வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பூசி, இரண்டிரண்டாகக் கட்டி அதே இடத்தில் இறக்கிப் பாருங்கள். எது பிந்தி மறைகிறதோ அது அந்தத் தண்ணீருக்கான நிறம். மேலிருந்து நாம் பார்ப்பதும் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் மீன் பார்ப்பதும் ஒன்றல்ல. இருந்தாலும் கடை அட்டைப்படத்தை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

விரால் விஷயத்தில் இன்னொரு கணக்கு. மேல்நீரில் ஓடும் தவளை லூரை அது கீழிருந்து, வானத்தின் பின்னணியில் பார்க்கிறது. அங்கே எந்த நிறமும் நிழலுருவம்தான். அந்திக்கு மேல் கறுப்பு லூர் எடுபடுவதற்குக் காரணம் அதுவே: கறுப்பின் விளிம்புதான் வானத்தோடு மிகக் கூர்மையாகப் பிரியும். தவளையின் முதுகில் மணிக்கணக்கில் புள்ளி வைப்பதெல்லாம் நம் திருப்திக்கு. வயிறு வெளிறியதா, கறுத்ததா என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

நிறத்தைவிட வெளிர்மையும் கருமையும் முக்கியம் என்பதைச் சரிபார்க்க ஒரு சுலப வழி: பூசிய லூரை போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முதுகும் பக்கமும் வயிறும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் கலங்கல் நீரில் அது ஒரே கட்டி. பச்சை முதுகுக்குப் பக்கத்தில் சிவப்புப் பக்கம் பூசுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதில்தான். இரண்டும் வேறு நிறம், ஆனால் ஒரே கருமை.

இனி பெயிண்ட். வீட்டில் செய்வதற்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கே நல்லது. ஸ்டேஷனரி கடையில் கேம்லின், ஃபெவிக்ரில் சின்ன பாட்டில்கள் கிடைக்கும். எல்லா நிறமும் வாங்கிக் குவிக்க வேண்டாம். வெள்ளை, கறுப்பு, லெமன் மஞ்சள், யெல்லோ ஆக்சைடு எனும் காவி மஞ்சள், ரெட் ஆக்சைடு, தாலோ பச்சை, தாலோ நீலம்; இவற்றோடு ஃப்ளோரசென்ட் மஞ்சள், ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு, ஃப்ளோரசென்ட் பச்சை; முத்துவெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை. நம் பக்கத்து நீர்நிலைகளுக்கு இது போதும்.

சுவர் எமல்ஷனில் கலக்கும் ஸ்டெய்னர் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதைத் தனியாகவே பூசிவிடுகிறார்கள். ஸ்டெய்னரில் பிணைக்கும் பசை கிடையாது. தனியாகப் பூசினால் நாளெல்லாம் காயாமல் விரலில் ஒட்டும். 20 சொட்டு வெள்ளை அக்ரிலிக்குக்கு 1 சொட்டு வரை தாங்கும்; அதற்கு மேல் போனால் மேல்பூச்சு பிடிக்காது. கோலப்பொடியை, நிறமில்லாத மேல்பூச்சான கிளியரில் கலந்து பார்க்கும் யோசனையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது சாயமேற்றிய கல்பொடி. சாயம் தண்ணீரில் இறங்கும், துகள் பெரிது, ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் கருவி) முனை அடைத்துக்கொள்ளும்.

பழைய எனாமல் டப்பாவில் மிச்சமிருக்கும் குரோம் மஞ்சளைத் தொடாதீர்கள். அந்த மஞ்சள் ஈயக் குரோமேட். வீட்டு உபயோக, அலங்கார பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய டப்பாவுக்கும், அந்த விதிக்குள் வராத தொழிற்சாலை பெயிண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. லூர் பாறையில் இடித்துப் பெயர்ந்து விழும் பொருள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தூளாக மூக்கில் ஏறும் பொருளும் கூட.

சொட்டுக் கணக்குக்கு வருவோம். மருந்துக் கடையில் 2 மில்லி சிரிஞ்சு ஊசியில்லாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நிறத்துக்கு ஒன்று. தண்ணீர்ப் பதத்தில் 1 மில்லி என்பது சுமார் 20 சொட்டு. 7 செ.மீ. லூர் இரண்டுக்கு ஒரு நிறத்தில் 1 மில்லி தாராளம். ஆனால் சொட்டு எண்ணுவதற்கு முன்னால் எல்லா நிறங்களையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கெட்டியான வெள்ளையின் ஒரு சொட்டு பெரிது. நீர்த்த கறுப்பின் சொட்டு சிறிது. பதம் சமமில்லாமல் "10-க்கு 1" என்று எழுதிவைத்தால் அடுத்த மாதம் அதே எண்ணுக்கு வேறு நிறம்தான் வரும். ஏர்பிரஷ் என்றால் பால் பதம்: கண்ணாடிக் கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலம் விட்டு ஒரே சீராக இறங்க வேண்டும். பிரஷ் என்றால் அதைவிடக் கொஞ்சம் கெட்டி.

பதம் சேர்க்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். சேலத்து போர் தண்ணீரின் உப்பு நிறமித் துகளைத் திரிய வைக்கும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். பெயிண்டின் அளவில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் சேர்த்தால் பசை மெலிந்து, காய்ந்த பிறகு விரலால் தடவினாலே தூள் வரும். அதற்கு மேல் நீர்க்க வேண்டுமென்றால் நிறமில்லாத அக்ரிலிக் மீடியம் சேர்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் நன்றாகப் பரவும் என்பார்கள். பரவும், பிறகு மேல்பூச்சாகப் பூசும் எபாக்சி (ரெசினும் ஹார்டனரும் கலந்து இறுகும் பூச்சு) அதன் மேல் நிற்காது.

கலக்கும் பாட்டிலில் குலுக்குவதற்கு சைக்கிள் பால்ரஸ் குண்டு போடுவது வழக்கம். தண்ணீர் பெயிண்டில் அது துருப்பிடிக்கும். ஒரு வாரத்தில் வெள்ளை பழுப்பேறும். கண்ணாடிப் பாசிமணி இரண்டு போடுங்கள்.

எல்லாக் கலவைக்கும் பொதுவான ஒன்று: வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. தாலோ பச்சையில் வெள்ளையை ஊற்றி வெளிறவைக்கப் பார்த்தால் டப்பா காலியாகும், பச்சை அசையாது. தாலோ நிறங்களின் வீரியம் அப்படி. சொட்டாகக்கூட வேண்டாம், பல்குச்சி நுனியில் தொட்டுச் சேர்த்துக் கலக்கிப் பார்த்து மறுபடி தொடுங்கள்.

ஜிலேபிக் கெண்டையில் ஆரம்பிக்கலாம். இதன் இன்னொரு பெயர் மொசாம்பிக் திலேப்பியா; 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. இன்று அது இல்லாத ஏரியைத் தேட வேண்டும். ஆகவே குஞ்சு ஜிலேபி நிறம் நம் பக்கத்தில் எங்கும் பொருந்தும். முதுகுக்கு ஆலிவ் பச்சை வேண்டும். அதற்குப் பச்சையைத் தொடவே தேவையில்லை. லெமன் மஞ்சள் 10 சொட்டு, கறுப்பு 1 சொட்டு. கரியிலிருந்து செய்த கறுப்பில் நீலச் சாயல் ஒளிந்திருக்கிறது. மஞ்சளோடு சேரும்போது அதுதான் பச்சையாக வெளிவருகிறது. லெமன் மஞ்சளுக்குப் பதில் காவி மஞ்சள் போட்டால் பச்சை மங்கி, சேற்றுக் காக்கி கிடைக்கும். கலங்கிய குளத்து ஜிலேபிக்கு அதுவே சரி. பச்சை தூக்கலாகத் தெரிந்தால் ரெட் ஆக்சைடு பல்குச்சி நுனியளவு. பக்கத்துக்கு வெள்ளை 12, அதே முதுகு நிறம் 3. வயிற்றுக்கு வெள்ளை 20, காவி மஞ்சள் 1. வெறும் வெள்ளை வயிறு தெளிந்த நீரில் அட்டை வெட்டி ஒட்டிய மாதிரி பிரிந்து தெரியும், காவி ஒரு சொட்டு அதை அடக்கும். பக்கத்துக் குறுக்குப் பட்டைகளுக்குத் தனிக் கறுப்பு எடுக்காமல், முதுகு நிறம் 5-க்குக் கறுப்பு 2 சேர்த்து நீர்க்க அடியுங்கள். ஆறேழு பட்டை, மேலே அகலம், கீழே போகப்போக மங்கல்.

வெள்ளிக் கெண்டைப்பொடிக்கு வெள்ளை அடிப்பூச்சின் மேல் முத்துப்பொடி அடித்துவிட்டு மினுக்கம் வரவில்லை என்று புலம்புவது ரொம்ப சகஜம். முத்துப்பொடி என்பது மெல்லிய பூச்சேறிய மைக்கா செதில். ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பி மீதியை உள்ளே விடுகிறது. உள்ளே போன ஒளி வெள்ளை அடிப்பூச்சில் பட்டு முழுதாகத் திரும்பி வந்தால் மினுக்கம் அதில் அமிழ்ந்துவிடும். அடியில் சாம்பலோ கறுப்போ இருந்தால் உள்ளே போனது அங்கேயே தங்கும், செதில் திருப்பியது மட்டும் கண்ணில் படும். ஆகவே பக்கங்களுக்கு முதலில் வெள்ளை 15, கறுப்பு 1 என்ற நடுச்சாம்பல். அது காய்ந்ததும், நிறமில்லாத மீடியம் 5 மில்லியில் முத்துப்பொடி கால் கிராம் கலந்து, மெலிதாக மூன்று தடவை. ஒரே தடவையில் நனைய அடித்தால் செதில்கள் கண்டபடி கிடந்து சாம்பலாகவே தெரியும். மெலிதாக அடிக்கும்போதுதான் அவை மட்டமாகப் படியும். முதுகுக்கு முன் சொன்ன ஆலிவ், வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டுக்குக் காது குடையும் பட்ஸ் போதாது, பஞ்சு விரியும். ஆணித் தலையைத் தொட்டு வையுங்கள்.

இரும்பு கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பெயிண்டின் அலுமினியப் பசையைத் தண்ணீர் அக்ரிலிக்கில் கலக்கவே கூடாது. பாதுகாப்புப் பூச்சில்லாத அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும். மூடிய பாட்டில் உப்பி வெடிக்கும். நல்ல மினுக்கம் வேண்டுமென்றால் ஏசி குழாய்க்கு ஒட்டும் அலுமினிய டேப்பை வெட்டிப் பக்கங்களில் ஒட்டி, ஸ்பூன் முதுகால் தேய்த்துச் சமன் செய்து, விளிம்பை எபாக்சியில் மறைப்பது எந்த பெயிண்டையும் விட மேல்.

பாசி நீருக்கான மஞ்சள் பச்சை. ஃப்ளோரசென்ட் மஞ்சள் 20, ஃப்ளோரசென்ட் பச்சை 2. ஃப்ளோரசென்ட் இல்லையென்றால் லெமன் மஞ்சள் 30, தாலோ பச்சை 1. இரண்டுக்கும் அடியில் சுத்த வெள்ளை வேண்டும். ஃப்ளோரசென்ட் நிறமிக்கு மறைக்கும் சக்தி கிடையாது. சாம்பல் அடிப்பூச்சின் மேல் அடித்தால் அழுக்குப் பச்சை. வெள்ளையைக் கலவைக்கு உள்ளே போட்டுவிடாதீர்கள். புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கித் தன் நிறத்தில் திருப்பி உமிழ்வதுதான் ஃப்ளோரசென்ட்டின் வேலை; உள்ளே கலந்த டைட்டானியம் வெள்ளை அந்தப் புற ஊதாவைத் தானே வாங்கிக்கொள்ளும், மிச்சம் பால் கலந்த வெளிர் பச்சைதான். கறுப்பு, ஆக்சைடு எதுவும் அதே கெடுதல். விடியலிலும் மேகமூட்டத்திலும் இந்த நிறம் மற்ற மஞ்சளைவிடப் பளிச்சென்று நிற்கும், ஏனென்றால் அந்நேர வெளிச்சத்தில் நீலமும் புற ஊதாவும்தான் அதிகம். குறை ஒன்று: வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். புற ஊதா (யு.வி.) தடுப்புள்ள கிளியர் பூசினால் பளிச்சில் கொஞ்சம் குறையும், ஆயுள் கூடும். டாஷ்போர்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள்.

ஃபயர் டைகரை எல்லாரும் கேட்கிறார்கள். பச்சை முதுகு, மஞ்சள் பக்கம், ஆரஞ்சு வயிறு, கறுப்புப் பட்டை. நிறம் கலப்பதில் கஷ்டமே இல்லை, வரிசையில்தான் கெடும். பச்சையும் ஆரஞ்சும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் சேறு. ஆகவே முழு உடம்பையும் முதலில் ஃப்ளோரசென்ட் மஞ்சளால் மூடுங்கள். காய்ந்ததும் லூரைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றுக்கு ஆரஞ்சு, பிறகு நிமிர்த்தி முதுகுக்குப் பச்சை. இரண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு மஞ்சள் தொடாமல் நிற்க வேண்டும். முதுகுப் பச்சை லெமன் மஞ்சள் 6, தாலோ பச்சை 1. பட்டை கடைசியில். பட்டையை மார்க்கர் பேனாவால் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: மார்க்கர் மை எபாக்சியிலும் தின்னரிலும் கரைந்து மஞ்சளில் ஊதாக் கசிவாக ஓடும். அக்ரிலிக் கறுப்பே உத்தமம்.

செந்நீர்க் காலத்துக்குக் கறுப்பு முதுகு, தங்கப் பக்கம், ஆரஞ்சு வயிறு. தங்க முத்துப்பொடிக்கு அடியில் ரெட் ஆக்சைடு கொடுங்கள். கறுப்பு அடியில் தங்கம் பச்சை கலந்து குளிர்ந்து தெரியும். ஆக்சைடு அடியில் செம்பு கலந்த தங்கமாக வரும், அதுதான் செந்நீரில் நிற்கும். பூலாம்பட்டிக் கதவணைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும் பக்கங்களில் மண் படிந்து தெளியத் தொடங்கியதும் இதை எடுத்துவைத்துவிட்டு ஜிலேபிக்கு மாறலாம்.

மரத்தில் செய்த தவளை லூருக்குப் பச்சை பளிச்சென்று இருந்தால் பொம்மை. காவி மஞ்சள் 16, தாலோ பச்சை 1, ரெட் ஆக்சைடு 1. பச்சைக்கு எதிர் நிறமான சிவப்பு அதன் திமிரை அடக்கும். கறுப்பு சேர்த்து அடக்கினால் பச்சை செத்தே போகும்.

மீன் செதில் கோலம் விழவைக்கும் வலைக்கு வருவோம். 6-7 செ.மீ. லூருக்குக் கொசுவலை கண்ணளவு சரியாக இருக்கும், 10 செ.மீ.க்கு மேல் போனால் பாவாடைக்குள் வைத்துத் தைக்கும் நெட் துணி. லூரைச் சுற்றி இழுத்து வயிற்றடியில் கிளிப் போட்டு, வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறத்தை 15 முதல் 20 செ.மீ. தூரத்தில் நேர்செங்குத்தாக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் வலைக்கு அடியில் புகுந்து செதில் ஒருபக்கம் கறைபடும். கிளிப்பை எடுப்பதற்கு முன் ஹேர் டிரையரால் காயவையுங்கள். ஈரத்தில் உரித்தால் நூல் இழுத்துக்கொண்டு வரும். வலை தளர்ந்த இடத்தில் செதிலும் தளரும், வாலடியில் அதைக் கவனித்து இழுத்துக் கட்டுங்கள். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் மேக்கப் ஸ்பாஞ்சைச் சின்னதாகக் கிழித்து, ஏறக்குறைய உலர்ந்த பெயிண்டைத் தொட்டு வலை மேல் ஒற்றலாம். அதிலும் செதில் வரும், ஓரம் கொஞ்சம் முரடு.

ஏர்பிரஷ்ஷுக்கு 0.3 மி.மீ. முனை போதும், முத்துப்பொடிக்கு மட்டும் 0.5. காற்றழுத்தம் 20 முதல் 30 பி.எஸ்.ஐ. ஏப்ரல், மே சேலத்து வெயிலில் பெயிண்ட் முனையிலேயே காய்ந்து துப்பும். 5 மில்லிக்குக் கிளிசரின் 2 சொட்டு சேர்த்தால் கட்டுப்படும். அதிகமானால் காயவே காயாது. அடிக்கும் முன் பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டிக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

நிறத்தை டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போங்கள். அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரியும். அதிலுள்ள பசை ஈரத்தில் பால் நிறம், காய்ந்தால் கண்ணாடி. காய்ந்ததும் ஒரு படி கறுக்கும், கிளியர் பூசினால் இன்னொரு படி. ஆகவே சோதனை ஸ்பூனில் பூசி, காயவைத்து, மேலே ஒரு சொட்டு தண்ணீர் தடவிப் பாருங்கள். கிளியருக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பது அதில் தெரியும். ஸ்பூன் காம்பில் கலவை எண்ணை எழுதி வைத்துவிட்டால் அதுவே நிற அட்டவணை.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கல்யாண முருங்கை, இலவு போன்ற லேசான மரங்கள் ஈரம் குடிக்கும். முள் கொக்கிக்கான ஓட்டைகள் உட்பட எல்லா இடமும், மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் இரண்டு கோட் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் எவ்வளவு நல்லதானாலும் உள்ளிருந்து உப்பி வெடிக்கும். பலா, தேக்கு துண்டுகளில் மரத்தின் சாயமே வெள்ளை பிரைமரில் ஊறி மஞ்சளாகக் கசியும். சீலர் கூடுதலாக ஒரு கோட், அல்லது அந்த லூரைக் காவி நிறத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். பிரைமருக்குப் பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பர்.

மேல்பூச்சில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். எபாக்சி 10 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய இருமடங்கு வேகம் எடுக்கும். 25 டிகிரியில் 40 நிமிடம் நிற்கும் ரெசின், சேலத்தில் 38 டிகிரி மதியத்தில் கால் மணி நேரத்திலேயே இழுபட ஆரம்பிக்கும். விடிகாலையில் பூசுங்கள், கலந்ததைக் குறுகிய கப்பில் வைக்காமல் அகலத் தட்டில் பரப்பினால் சூடேறாது. ஏற்காட்டில், 1,515 மீட்டர் உயரத்தில், பிரச்சினை தலைகீழ். ரெசின் கெட்டியாகி, கலக்கும்போது ஏறிய குமிழி வெளியே வராது. பாட்டிலை மூடியோடு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கலக்குங்கள். அங்கே அக்டோபர், நவம்பர் பனிமூட்டத்தில் என்.சி. லாக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் நைட்ரோசெல்லுலோஸ் கிளியர்) அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் புகையாக ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் தெளியும். வெயில் வந்த மதியத்துக்குக் காத்திருப்பது அதைவிட நல்லது.

அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததாக இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். எபாக்சிக்கு முன் 24 மணி நேரம், மலையில் இரண்டு நாள். அவசரப்பட்டால் கிளியருக்கு அடியில் மேகம் படியும், அது பிறகு போகாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் எபாக்சி விலகிக் குழி விழும். துடைக்கலாம் என்று ஸ்பிரிட்டை எடுத்தால் அக்ரிலிக்கே கரைந்து வரும். கையுறை போட்டுக்கொள்வதுதான் வழி. ரெசினும் ஹார்டனரும் தனித்தனி சிரிஞ்சில், பாட்டிலில் எழுதிய விகிதத்தில். கண் மதிப்பில் ஊற்றினால் வாரக்கணக்கில் பிசுக்கும். சாதாரண அரால்டைட் வேலைக்கு ஆகும், ஆனால் அதன் மஞ்சள் சாயல் வெள்ளை வயிற்றைப் பழுக்கவும் நீலத்தைப் பச்சையாக்கவும் செய்யும். கறுப்பு, காவி, ஆலிவ் லூர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எபாக்சி ஒரே பக்கம் வழிந்து தேங்காமல் இருக்க, பூசிய லூரைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏர் கூலரின் ஸ்விங் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, எலக்ட்ரிக் கடையில் மலிவு. 220 வோல்ட் நேராக வருவது, இணைப்பை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். சில மோட்டார் ஒவ்வொரு முறை போடும்போதும் வேறு திசையில் சுற்றும், கெடுதல் இல்லை.

டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து வண்டிக்கு அடிக்கும் கிளியர்) எபாக்சியைவிட மெலிது, கெட்டி, மஞ்சளாகாது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது; துணி மாஸ்க் அதைத் தடுக்காது, மூச்சுக்குழலைக் கெடுக்கும். வீட்டில் அடிக்க வேண்டாம். சங்ககிரி லாரி பட்டறையிலோ சேலத்தில் பட்டி, டிங்கரிங் பார்க்கும் இடத்திலோ சொல்லிவைத்தால், வண்டிக்குக் கிளியர் அடிக்கும்போது கம்பியில் தொங்கவிட்ட லூர்களுக்கும் சேர்த்து ஒரு வீச்சு அடித்துத் தருவார்கள். அக்ரிலிக் நன்றாக ஆறியிருக்க வேண்டும், முதல் கோட் தூவலாகத்தான் விழ வேண்டும். நனைய அடித்தால் தின்னர் உள்ளே இறங்கிப் பெயிண்ட் சுருங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், லாரிக்கு அடிக்கிற கை தாராளமானது.

கிளியர் ஏறியதும் வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பைப் பாருங்கள். மூன்று கோட் எபாக்சி சின்ன லூரை மூழ்கடிக்கப் போதுமானது. கொக்கியை ஒரு நம்பர் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

மேட்டூரில் மீன்பிடிக்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். ஏரிகள் பல ஏலத்தில் இருப்பவை, குத்தகைக்காரரைக் கேட்காமல் வீசாதீர்கள். பெட்டியில் அடுக்கும்போது ரப்பர் தவளைகளையும் பெயிண்ட் அடித்த மர லூர்களையும் ஒரே அறையில் போட வேண்டாம். ரப்பரிலுள்ள மென்மையாக்கி எண்ணெய் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பெயிண்டை இளக்கி ஒட்டவைத்துவிடும். தனி டப்பா இல்லையென்றால் ரப்பரை அது வந்த கவரிலேயே வைத்திருங்கள்.